பழைய சரக்கைக் கேட்கும் வாடிக்கையாளர்: இணைய விளையாட்டுக் கம்பனிகள் தரும் பாடம்

வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, "காக்கா, போன முறை தந்த அந்தப் பழைய சாமான் இருக்கா?" என்று கேட்கிறார். "அது இப்ப வாறதில்ல. இதை எடுங்க, அதைவிட இது நல்லம்" என்று சொல்லிப் புதியதை எடுத்து முன்னால் வைக்கிறோம். சிலர் எடுத்துக்கொள்வார்கள். சிலர் "பார்த்திட்டு வாறன்" என்று சொல்லிப் போய்விடுவார்கள். போனவர்கள் எங்கே போனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்துப் பார்த்திருக்கிறோம்?

பொத்துவிலுக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் பிரதான வீதியோரம் இருக்கும் கோமாரி போன்ற ஒரு சிறிய ஊரில் கடை வைத்திருப்பவருக்கு இதற்கு விடை தெரியும். அங்கே கிடைக்காவிட்டால் மனிதர் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போவார். தேவைப்பட்டால் கல்முனை வரைக்கும் போவார். ஒரு சாமானைத் தேடிப் போனவர், மாதச் சாமான் முழுவதையும் அங்கேயே கட்டிக்கொண்டு வருவார்.

இதே பிரச்சினை கோடிக்கணக்கான டொலர் புரளும் இணைய விளையாட்டு வியாபாரத்தில் பல வருடங்களாகப் பெரும் விவாதமாக நடந்து வருகிறது. ஒரு விளையாட்டைப் புதுப்பித்த பிறகும், பழைய பதிப்பைக் கேட்பவர்களுக்காக அதைத் தனியாக இயக்கி வைக்க வேண்டுமா என்பதே அங்குள்ள கேள்வி. பிள்ளைகள் இரவு பகலாகக் கைத்தொலைபேசியில் விளையாடுவது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. வியாபாரிகள் என்ற வகையில் இந்த விவாதத்தில் நாம் கற்க வேண்டியவை நிறைய உள்ளன. போதிய ஆட்கள் காசு கொடுத்துக் கேட்கும்வரை பழையதையும் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் கொடுப்பவரின் வழியை மறிக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

விற்ற பொருள் யாருடைய கையில்?

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வோம். நாம் ஒரு கரம் பலகையை விற்றால் அது வாங்கியவரின் வீட்டில் இருக்கும். அதைச் செய்த கம்பனி மூடப்பட்டாலும் பலகை மறைந்துவிடாது. இணைய விளையாட்டு அப்படியல்ல. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேர்ந்து விளையாடும் அந்த உலகம், சர்வர் என்று சொல்லப்படும் கம்பனியின் கணனிகளில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரின் கணனியில் இருப்பது அந்த உலகத்துக்குள் நுழைவதற்கான வாசல் மட்டுமே. அவர் மாதாமாதம் சந்தா கட்டுகிறார்.

ஆகவே கம்பனி ஒரு மாற்றம் செய்தால் அது எல்லோருக்கும் ஒரே இரவில் மாறிவிடுகிறது. "எனக்குப் பழையதே போதும்" என்று ஒருவர் ஒதுங்கி இருக்க முடியாது. ஐந்து வருடம் உழைத்துப் பழகிய முறை, நண்பர்களோடு சுற்றிய இடங்கள் எல்லாம் காணாமற் போகின்றன. நம் ஊர்ச் சந்தையை ஒரே இரவில் இடித்துக் கட்டி, கடைகளின் வரிசையையும் மாற்றிவிட்டு, "முன்னையதைவிட இது வசதி" என்று சொன்னால் எப்படி இருக்கும்? வசதியாகவே இருக்கலாம். ஆனாலும் பழைய சந்தையைத் தேடுபவர்கள் இருப்பார்கள்.

"உங்களுக்கு அது தேவையில்லை"

வேர்ல்ட் ஒஃப் வோகிராஃப்ட் என்ற விளையாட்டை அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. மாதச் சந்தா சுமார் 15 டொலர். 2010 ஒக்டோபரில் சந்தாதாரர் தொகை 12 மில்லியனைத் தாண்டியது. அதே ஆண்டு டிசெம்பரில் வந்த புதிய பதிப்பு, ஆரம்பகால உலகின் பெரும்பகுதியை மாற்றி அமைத்தது. அதன்பின் வந்த வருடங்களில் சந்தாதாரர் தொகை இறங்குமுகமாயிற்று. 2015இல் அது 5.5 மில்லியனாக இருந்தபோது, இனி இந்த எண்ணிக்கையை வெளியிடப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. சரிவுக்குக் காரணங்கள் பல இருந்திருக்கலாம். ஆனால் பழைய உலகம் வேண்டும் என்ற குரல் அந்தக் காலமெல்லாம் ஓயவில்லை.

2013இல் நிறுவனத்தின் வருடாந்த மாநாட்டில் ஒரு வாடிக்கையாளர் எழுந்து, ஆரம்பகாலப் பதிப்புக்குத் தனிச் சர்வர் திறப்பீர்களா என்று கேட்டார். அந்த விளையாட்டின் பொறுப்பாளர்களில் ஒருவரான ஜே. அலன் பிராக், இல்லை என்றார். அத்தோடு நிற்காமல், வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் உங்களுக்கு அது வேண்டியதில்லை என்ற கருத்துப்படவும் பதில் சொன்னார். காசு கொடுக்க ஆயத்தமாக வந்து நிற்பவரிடம், உனக்கு என்ன வேண்டும் என்பது உன்னைவிட எனக்குத் தெரியும் என்று சொல்வது இதுதான்.

வாடிக்கையாளர்கள் என்ன செய்தார்கள்? பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போனார்கள். 2015இல் பிரான்ஸ் நாட்டுத் தன்னார்வலர் சிலர் நொஸ்டல்ரியஸ் என்ற பெயரில் பழைய பதிப்பை அனுமதியின்றித் தாங்களே இயக்கினார்கள். கட்டணம் இல்லை. சுமார் ஒரு வருடத்தில் எட்டு இலட்சம் கணக்குகள் பதிவாகின என்றும், ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர் தொடர்ந்து விளையாடினார்கள் என்றும் அதன் நிர்வாகிகள் தெரிவித்தனர். பிளிசார்ட் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. 2016 ஏப்ரலில் அந்தச் சர்வர் மூடப்பட்டது.

சட்டப்படி நிறுவனத்தின் பக்கமே நியாயம் இருந்தது. அடுத்தவர் சொத்தை அனுமதியின்றி எடுத்து நடத்துவது, அதில் இலாபம் இல்லாவிட்டாலும், சரியான காரியமல்ல. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கள்ளச் சரக்குக்கு முன்னால் சனம் வரிசையில் நிற்கிறது என்றால், நல்ல சரக்கை வைத்திருப்பவர் அதை விற்காமல் இருக்கிறார் என்பதும் அதில் தெரிகிறது. மூடலை எதிர்த்து இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு நிறுவனத் தலைவரிடம் கையளிக்கப்பட்டது. நொஸ்டல்ரியஸ் நிர்வாகிகளைத் தமது அலுவலகத்துக்கே அழைத்து நிறுவனம் பேசியது. இந்த இடத்தில் அவர்கள் நல்ல வியாபாரிகளாக நடந்துகொண்டார்கள் என்று பாராட்டத்தான் வேண்டும்.

2017 நவம்பர் மாநாட்டில் பழைய பதிப்பு வருகிறது என்று அறிவித்தவர் அதே பிராக்தான். ஐஸ்கிரீமில் ஒருவருக்கு ஒரு சுவை பிடிக்கும், சிலருக்கு வெறும் வனிலாதான் பிடிக்கும் என்று சொல்லி அவர் பேச்சைத் தொடங்கினார். சோடிப்பு எதுவும் இல்லாத ஆரம்பப் பதிப்பை விளையாட்டுக்காரர்கள் வனிலா என்றுதான் அழைப்பார்கள். 2019 ஓகஸ்ட் இறுதியில் அது திறக்கப்பட்டது. மேலதிகக் கட்டணம் இல்லை, அதே சந்தாவில் பழையதும் புதியதும் கிடைத்தன. அந்தக் காலாண்டில்தான் தமது வரலாற்றிலேயே அந்த விளையாட்டுக்கான சந்தா ஆகக் கூடுதலாக உயர்ந்தது என்று தாய் நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு அறிவித்தது. வேண்டாத சரக்கு என்று ஒதுக்கியதே இலாபத்தைக் கொண்டுவந்தது.

எண்ணிப் பார்த்துத் திறந்தவர்கள்

இவர்களுக்கு முன்பே இதைச் செய்து காட்டியது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஜாஜெக்ஸ் நிறுவனம். அதன் ரூன்ஸ்கேப் விளையாட்டு 2001இல் தொடங்கியது. 2012 நவம்பரில் அதன் சண்டை முறையை முழுவதுமாக மாற்றினார்கள். பழைய வாடிக்கையாளர் பலருக்கு அது பிடிக்கவில்லை. நிறுவனத்திடம் 2007 ஓகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்று பத்திரமாக இருந்தது. 2013 பெப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். அதை அவர்கள் நடத்திய விதம் ஒவ்வொரு வியாபாரியும் கவனிக்கத்தக்கது. இவ்வளவு பேர் வந்தால் மேலதிகக் கட்டணம் இவ்வளவு, இன்னும் கூடினால் கட்டணம் குறையும், ஒரு தொகையைத் தாண்டினால் மேலதிகக் கட்டணமே இல்லை என்று வாக்களிக்கும் முன்னரே படிப்படியாகக் கணக்குச் சொன்னார்கள். ஏறக்குறைய நாலரை இலட்சம் வாக்குகள் விழுந்தன. அம்மாதமே பழைய ரூன்ஸ்கேப் திறக்கப்பட்டது.

அதில் புதிதாக எதையும் சேர்ப்பதானால் விளையாடுவோரிடம் வாக்கெடுப்பு வைத்து, பெரும்பான்மையானோர் சம்மதித்த பின்னரே சேர்ப்பது என்ற வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் நூற்றுக்கு 75 பேர் சம்மதிக்க வேண்டும் என்று வைத்தார்கள், பிறகு அதை 70 ஆக்கினார்கள். 2018இல் கைத்தொலைபேசிக்கும் வந்தது. பழையது என்று திறந்த அந்தக் கிளையில் புதிய விளையாட்டைவிட அதிகம் பேர் விளையாடும் நிலை பின்னர் ஏற்பட்டது.

கம்பனிகளின் பக்க நியாயம்

மறுபக்கத்தையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. பழைய பதிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்தால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 2004ஆம் ஆண்டு மென்பொருள் இன்றைய கணனிகளில் அப்படியே ஓடாது. இன்றைய மோசடிக்காரர்களின் தந்திரங்களுக்கு அதில் தடுப்பும் இல்லை. பிளிசார்ட் பழைய தரவுகளை எடுத்து, அவை இன்றைய கட்டமைப்பில் ஓடும்படி மாற்றுவதற்கே நீண்ட காலம் வேலை செய்ய வேண்டியிருந்தது. இரண்டு கடை நடத்துவதென்றால் இரண்டு கடைக்கும் ஆள் வேண்டும், மின்சாரக் கட்டணம் வேண்டும், முறைப்பாடு கேட்க ஒருவர் வேண்டும்.

வாடிக்கையாளர் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது அடுத்த பயம். நாற்பது பேர் சேர்ந்தால்தான் நடக்கும் விளையாட்டில் இருபது பேர் அங்கும் இருபது பேர் இங்கும் நின்றால் இரண்டுமே நடக்காது. இதுவும் நியாயமான பயம்தான்.

எல்லாப் பழையதையும் என்றென்றைக்கும் வைத்திருக்க முடியாது என்பதற்கும் அதே ஜாஜெக்ஸே உதாரணம். 2001ஆம் ஆண்டு வந்த முதற் பதிப்பையும் அவர்கள் தனியாக வைத்திருந்தார்கள். அதைப் பராமரிக்கும் கருவிகள் புதிய கருவிகளோடு பொருந்தாமற் போயின. பிழைகளைத் திருத்த முடியவில்லை. 2018 ஓகஸ்டில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு மூடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்படியானால் கடமை என்ன?

நட்டத்துக்கு விற்கும்படி எந்த வியாபாரியையும் வற்புறுத்த முடியாது. ஆனால் நட்டம் என்று சொல்வதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். பிளிசார்ட் 2013இல் கணக்குப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை, அபிப்பிராயம்தான் சொன்னார்கள். ஜாஜெக்ஸ் எண்ணிப் பார்த்தது. எத்தனை பேர், என்ன விலைக்கு என்பதை வாடிக்கையாளரிடமே கேட்டது. போதிய ஆள் இருந்தால் பழையதைத் திறப்பது முதற் கடமை.

ஆள் போதாவிட்டால் இரண்டாவது வழி இருக்கிறது. நடத்த விரும்புபவருக்கு உத்தியோகபூர்வமாக அனுமதி கொடுக்கலாம். தென்கொரியாவின் என்சிசொஃப்ட் நிறுவனம் சிட்டி ஒஃப் ஹீரோஸ் என்ற விளையாட்டை 2012 நவம்பர் இறுதியில் மூடியது. ஆர்வலர்கள் அதை அனுமதியின்றி இயக்கி வந்தார்கள். பல வருடங்களின் பின், 2024 ஜனவரியில், ஹோம்கமிங் என்ற ஆர்வலர் குழுவுக்கு நிறுவனமே உரிமம் வழங்கியது. கம்பனிக்குச் சர்வர் செலவில்லை, சொத்து உரிமையும் போகவில்லை, கள்ளமாக நடந்தது நேர்வழிக்கு வந்தது. இலங்கையின் நெட் கஃபேக்களில் ஒரு காலத்தில் இளைஞர்கள் மொய்த்த கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாட்டின் பழைய 1.6 பதிப்பை வால்வ் நிறுவனம் விற்றுக்கொண்டே வந்ததும், அதற்குச் சொந்தச் சர்வர் வைத்துக்கொள்ள எவரையும் அனுமதித்ததும் இவ்வகையானதே. கம்பனி கைவிட்டாலும் கடை மூடப்படாத ஏற்பாடு அது.

இரண்டும் முடியாவிட்டால் மூன்றாவது, விற்கும்போதே உள்ளதைச் சொல்வது. பிரான்ஸின் யூபிசொஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட த குரூ என்ற கார் ஓட்டும் விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. தனியாக விளையாடுவதற்கும் சர்வர் தேவைப்பட்டதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். அங்கிருந்து ஐரோப்பாவில் ஒரு இயக்கமே எழுந்தது. நிறுத்துவதானால் விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டு நிறுத்துங்கள் என்ற கோரிக்கையுடன் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும் மனுவில் ஒப்பமிட்டோர் தொகை 2025 ஜூலையில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியா மாநிலம் வேறொரு பக்கத்தால் வந்தது. வாங்குபவருக்குக் கிடைப்பது சொந்தமல்ல, பாவிக்கும் அனுமதி மட்டுமே என்றால், அதைத் தெளிவாகத் தெரிவிக்காமல் "வாங்குங்கள்" என்ற சொல்லைப் போட்டு இணையத்தில் விற்கக் கூடாது என்ற சட்டம் அங்கே 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விற்கும் பொருள் இன்னது, அதன் நிலைமை இன்னது என்று வாங்குபவருக்கு விளங்கச் சொல்லி விற்பது நம் வியாபாரிகளுக்குப் புதிய பாடமல்ல. மறைத்து விற்பதை நம் மூத்தவர்கள் வியாபாரம் என்றே சொல்ல மாட்டார்கள்.

நம் மேசைக்கு வந்த அதே பிரச்சினை

இது விளையாட்டுப் பிள்ளைகளின் வழக்கு என்று தள்ளிவிடுபவர்கள், தங்கள் கடையில் பில் போடும் கணனியைத் திரும்பிப் பார்க்கட்டும். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தியது. பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு மேலும் ஒரு வருடத்துக்குத் திருத்தங்களைக் கொடுக்கும் ஏற்பாட்டை நிறுவனம் செய்தது, அதற்கான வழிகளில் ஒன்று 30 டொலர் கட்டணம். பழையதைக் கேட்பவர் தொகை பெரிதென்றால் மைக்ரோசொஃப்ட்டே இறங்கி வருகிறது என்பதையே இது காட்டுகிறது. பில் போடும் மென்பொருளோ கணக்கு மென்பொருளோ மாதக் கட்டணத்துக்கு எடுப்பவர்கள் ஒப்பமிடும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நீங்கள் பதிப்பை மாற்றினால் பழையதில் நான் எவ்வளவு காலம் இருக்கலாம்? நீங்கள் மூடினால் என் கணக்கு விபரங்கள் என் கையில் இருக்குமா? எத்தனை மாதம் முன்கூட்டி அறிவிப்பீர்கள்? பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வர வேண்டும்.

வாங்குபவராக நாம் எதிர்பார்ப்பதை, விற்பவராக இருக்கும்போதும் செய்ய வேண்டும். கேட்டு இல்லாமற் போன சாமான்களை எழுத ஒரு சிறிய கொப்பி காசு மேசையில் இருக்கட்டும். ஒருவர் கேட்டால் அது அவருடைய விருப்பம். ஒரு மாதத்தில் பதினைந்து பேர் கேட்டால் அது சந்தை. கேட்டவர்களிடம் சிறிய முற்பணம் வாங்கிக்கொண்டு எடுப்பித்துக் கொடுக்கலாம். ஜாஜெக்ஸ் வைத்த வாக்கெடுப்பும் இதுவே. சரக்கு வராவிட்டால் எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டி விடலாம். அப்படி வழிகாட்டிய கடையை மனிதர்கள் மறப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. எதை நிறுத்தினாலும் அதன் அச்சை அழித்துவிடக் கூடாது. 2007ஆம் ஆண்டுப் பிரதியை ஜாஜெக்ஸ் தூக்கி எறிந்திருந்தால் 2013இல் விற்க எதுவும் இருந்திருக்காது. நெல் விளையும் அம்பாறை மாவட்டத்தவர்களுக்கு இதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. விளைச்சல் அதிகம் தரும் புதிய நெல்லினங்கள் வந்தபோது பச்சைப்பெருமாள், சுவந்தல் போன்ற பழைய இனங்கள் வயலை விட்டுப் போயின. புதிய நெல் பசியைத் தீர்த்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இன்று பாரம்பரிய அரிசிக்குச் சாதாரண அரிசியைவிடக் கூடிய விலை கிடைக்கிறது. அதை மீண்டும் பயிரிட முடிவது, சில விவசாயிகளும் கண்ணொறுவையிலுள்ள பயிர் மரபணு வள நிலையமும் விதையைக் காப்பாற்றி வைத்ததால்தான். மருதமுனையில் நெசவு செய்பவரும், சாய்ந்தமருதில் தளபாடம் செய்பவரும், தாம் நிறுத்திவிட்ட டிசைன்களின் அளவையும் மாதிரியையும் ஒரு பெட்டியில் போட்டு வைப்பதில் செலவு எதுவுமில்லை. என்றைக்கு அதைக் கேட்டு ஆள் வரும் என்று சொல்ல முடியாது.

விளையாட்டுக் கம்பனிகளுக்கும் இதையே சொல்லலாம். ஒரு பொருளை மாற்றும் உரிமை விற்பவருக்கு உண்டு. ஆனால் அந்தப் பொருளைப் பெரிதாக வளர்த்துவிட்டது வாடிக்கையாளரின் காசும் நேரமும் ஆகும். அவர்களில் கணிசமானோர் பழையதைக் கேட்டால் எண்ணிப் பாருங்கள். கட்டுப்படியானால் திறவுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் நடத்தக்கூடியவருக்கு அனுமதி கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் விற்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அது வேண்டியதில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்தப் பதிலைச் சொன்ன நிறுவனம் ஆறு வருடம் கழித்து அதே சரக்கை விற்று இலாபம் பார்த்தது. அவ்வளவு காலம் தாக்குப் பிடிக்கும் முதல் நம் கடைகளில் இல்லை.